அங்மகிழுந்து

'அங்மகிழுந்து' என்று தமிழில் ஒரு சொல் அச்சேறியிருக்கிறது. சத்தியமாக நான் கட்டிச் சொல்லவில்லை. கெட்டி அட்டை, முதுகில் பொன்னெழுத்து, உள்ளே பிரமுகர்களின் வாழ்த்துரைகள், அவரவர் படங்கள், அதெல்லாம் முடிந்த பிறகு அகராதி. 'அ' வரிசையிலேயே அந்தச் சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டில் ஒரு பிரதி உண்டு. செருப்பு அலமாரிக்கு மேலே, மின்சாரப் பில்களுக்கு அடியில் போட்டுவைத்திருக்கிறேன். எப்போதாவது அதைத் தொட நேர்ந்தால் கை கழுவிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறேன். அவ்வளவு அருவருப்பு.

நான் புலவர் இல்லை. பினாங்கில் ஓர் அச்சகத்தில் தமிழ் தட்டச்சு செய்து பிழைத்தவள். கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியை அறிவிப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், இவைதான் நான் அச்சுக்குக் கொடுத்த இலக்கியம். மாப்பிள்ளை பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போனால் போதும், பெண் வீட்டுக்காரர்கள் கடைக்கு வந்து மேஜையைத் தட்டிவிட்டுப் போவார்கள். ஓர் அகராதியே முழுசாகப் பாழாய்ப் போனால் அதே சனங்கள் கைதட்டுவார்கள் என்பதை வேலையை விட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அகராதி ஒரு பாதிரியாருடையது. எல்லோருக்கும் அவர் ஃபாதர், எனக்கும் ஃபாதர்தான். நான் வருடா வருடம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுக்கிறவள். அவரோ பூசை வைத்தும் ஞானஸ்நானம் கொடுத்தும் வயதாகி, ஜார்ஜ்டவுனில் ஒரு மாதாகோயிலின் பின்கட்டு அறையில் ஓய்வாக இருந்தவர். ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். இந்த ஊர்த் தமிழர்கள் வாயில் புழங்குகிற சொற்களையும், சாவு வீட்டிலும் துறைமுகத்திலும் தோட்டத்திலும் பாடிய பாட்டுகளையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டு அகராதி எதிலும் இல்லாத சொற்கள். நாமே வெளியே சொல்ல வெட்கப்படுகிற சொற்கள். சாலைக்கு நாம் சொல்லும் சடக்கு, வண்டிக்குச் சொல்லும் காடி, இப்படி.

அவருக்குக் கண்ணில் நடுப்பார்வை மறைந்துவிட்டது. ஓரமாகத்தான் தெரியும். ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் தோளைப் பார்ப்பார். அதனால் சொற்களைக் கணினியில் ஏற்ற ஆள் தேவைப்பட்டது. அச்சகத்தில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். நான் போனேன். அறை முழுக்கப் பிஸ்கட் டின்கள், ஒவ்வொரு டின்னிலும் அட்டைத் துண்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கிழட்டுப் பூனை. அந்தப் பூனை 'ப' வரிசை டின்னில் மூத்திரம் பெய்து வைத்திருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத்தான் முதலில் தட்டச்சு செய்தேன். பிற்பாடு நான் பார்த்த மனிதர்களோடு ஒப்பிட்டால் அந்தப் பூனை எவ்வளவோ மேல்.

அவர் சொல் சேர்க்கிற விதம்தான் விசித்திரம். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று யாரையும் கேட்கவே மாட்டார். கேட்டால் மனிதர்கள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத் தமிழில் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுவார்களாம். அதனால் அந்தச் சொல்லை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். எதிராளிக்குப் பொறுக்காது. திருத்திவிடுவார். அந்தத் திருத்தம்தான் இவருக்கு அகராதி.

ஒருநாள் பாசாரில் அதை நேரிலேயே பார்த்தேன். மீன்காரரிடம் போய், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "என்ன தம்பி, நேத்து ராத்திரி நல்லா பசியாறினீங்களா?" என்று கேட்டார்.

மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ராத்திரி எவனாச்சும் பசியாறுவானா ஃபாதர்? காலைல ரொட்டி, தேத்தண்ணி சாப்புடுறதுதான் பசியாறுறது. ராத்திரி சோறு திங்கிறது சோறு திங்கிறதுதான் லா!"

ஃபாதர் நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். வெளியே வந்ததும் என்னிடம், "எழுதிக்க தங்கச்சி. பசியாறு, காலையில் மட்டும்" என்றார். தமிழ்நாட்டில் எந்த வேளையும் பசி ஆறலாம். இங்கே விடிந்த பிறகுதான் ஆற வேண்டும். அந்த வித்தியாசத்தை ஒரு மீன்காரரின் சிரிப்பிலிருந்து எடுத்தார்.

தண்ணீர்மலையில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களிலும் வெள்ளை அங்கியோடு போய் நின்று இதே வேலையைச் செய்வார். இந்த ஊர்ப் பேச்சு தெரியாத பாவம் என்று நினைத்துச் சனங்கள் அவருக்கு மோர் ஊற்றிக்கொடுத்துத் தமிழ் சொல்லிக்கொடுப்பார்கள். மாதாகோயில் ஆட்களுக்குத்தான் ஒரு பயம் இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சனங்கள் தம் பாவத்தைச் சொல்லக் கேட்டதையும் இவர் எழுதிவிடுகிறாரோ என்று. நானே ஒரு தடவை கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்க கேட்ட ஒரு சொல்லுகூட இதுல கெடயாது. அதனாலதான் நல்ல நல்ல கெட்ட வார்த்தையெல்லாம் விட்டுப்போச்சு" என்றார்.

அகராதி பெரும்பாலும் தயாரான சமயத்தில், கடைசி வேலையாகப் பாகான் டாலாமில் ஓர் அக்காவைப் பார்க்கப் போனோம். ஃபெரி ஏறி அக்கரை போய், அங்கிருந்து டாக்சி. சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்தால் ஒரு காலத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். ஒப்பாரி வைத்தால் பிணம்கூட அழும் என்று டாக்சிக்காரர் சொன்னார். அக்கா எழுபதை எட்டியிருப்பார். மெலிந்த உடம்பு, நிமிர்ந்த கழுத்து. ஊருக்குப் பாடியதையெல்லாம் தாராளமாகப் பாடிக் காட்டினார். அதன் பிறகு ஃபாதர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அக்காவும் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு அவராகவே, "இன்னொன்னு இருக்கு. அது வெளிய பாடுறது இல்ல" என்றார்.

அவருடைய மகன் பாட்டு அது. சின்னப் பையன். ஒரு காலையில் அம்மா தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு ரொட்டி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். எதிர்ச்சாரியில் கடை. சடக்கைத் தாண்டும்போது லாரி. அவ்வளவுதான். அன்று பாடியதை அவர் அதன் பிறகு யாருக்கும் பாடவில்லை. எங்களுக்காக, சத்தம் கூட்டாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினார்.

சடக்குத் தாண்டிப் போன ராசா பசியாற வரலியே
ஊத்தி வெச்ச தேத்தண்ணியும் ஆறிப் போச்சு ராசா
ஊரு சனம் அழுத கண்ணும் ஆறிப் போச்சு ராசா
பெத்த வயிறு மட்டும் இன்னும் ஆறலியே ராசா

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃபாதர் அழவில்லை. வெளியே வந்த பிறகு, "நாலு வரிலயும் ஒரே சொல்லு, கேட்டியா? பசி ஆறுது, தேத்தண்ணி ஆறுது, கண்ணு ஆறுது, வயிறு ஆறல. அந்த முத 'ஆற'வ எடுத்துட்டா பாட்டே இல்ல" என்றார்.

ஆனால் அதற்கு முன்னால், வாசலிலேயே, அக்கா அவரை நிறுத்திவிட்டிருந்தார். "புத்தகத்துல போடுங்க ஃபாதர். நான் செத்துட்டா இதும் என்கூடப் போயிரும். ஆனா ஒரு எழுத்து மாத்தக் கூடாது. அவன் பேரு போட வேணாம், என் பேரும் வேணாம். பாட்டு மட்டும் அப்படியே இருக்கணும். சத்தியம் பண்ணுங்க."

"நான் சத்தியம் பண்ணக் கூடாதும்மா" என்றார் ஃபாதர். "வாக்குத் தர்றேன். ஒரு எழுத்து மாறாது."

அந்த வாக்கு எனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டேன். சடக்கு, பசியாறு, இரண்டு சொற்களுக்கும் அந்த முதல் வரியையே எடுத்துக்காட்டாகப் போட்டோம். முழுப் பாட்டும் பின்னிணைப்பில். மெய்ப்பு வந்தபோது ஒவ்வொரு பக்கத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வரிகளை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். எழுத்து மாறவில்லை. எங்கள் வரையில் காரியம் முடிந்தது.

அச்சுச் செலவை ஏற்றுக்கொள்ள ஒரு குழு முன்வந்திருந்தது. தமிழை வளர்ப்பதற்கென்றே இருக்கிற குழு. அதன் தலைவர் வியாபாரி. மைக் கிடைத்துவிட்டால் 'ழ'கரத்தை அண்ணத்தில் வைத்து உருட்டுவார் பாருங்கள், கேட்கிறவர்களுக்குப் பல் கூசும். செயலாளர் இளவட்டம், கணினி தெரிந்தவர், எதைச் சொன்னாலும் "செஞ்சிரலாம் தலைவரே" என்கிற ரகம். எழுத்துரு சரிபார்க்க வேண்டும் என்று கோப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அச்சகங்களில் அது வழக்கம்தான். கொடுத்தேன்.

வெளியீட்டு விழா ஜார்ஜ்டவுனில், ஏசி மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளை உறை போட்டிருந்தார்கள். அந்த உறைகளிலிருந்து யாரோ போன வாரம் சாப்பிட்ட பிரியாணி வாசனை வந்தது. மேடையில் பேனர். பேனரில் தலைவர் படம் ஆள் உயரத்துக்கு. ஃபாதர் படம் ஓரத்தில், தலைவரின் முழங்கைக்குக் கீழே, பாஸ்போர்ட் அளவுக்கு.

அக்காவை ஃபாதர் அழைத்திருந்தார். நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்து, முதல் ஃபெரியிலேயே வந்துவிட்டார். இரண்டாவது வரிசையில் உட்காரவைத்தேன். சிறிது நேரத்தில் ஒரு தொண்டர் வந்து, "அம்மா, இது வி.ஐ.பி. சீட்டு" என்று கிளப்பிவிட்டார். அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த வி.ஐ.பி. நிகழ்ச்சி முடிகிறவரை போனில் பந்தயக் குதிரை பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கடைசி வரிசைக்குப் போனார்.

பொன்னாடைகள் தொடங்கின. இவர் அவருக்குப் போர்த்த, அவர் இவருக்குப் போர்த்த, போர்த்திய கையோடு இருவரும் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்ட, அந்த இடைவெளியில் புகைப்படக்காரர் சரியாக எடுக்கவில்லை என்று மறுபடியும் உருவிப் போர்த்தினார்கள். முதல் பிரதி வாங்கியவர்களைப் பற்றி ஒரு பேச்சு. அவர்களைப் பற்றிப் பேசியவரைப் பற்றி இன்னொரு பேச்சு. அகராதி என்ற சொல்லே வெகுநேரம் யார் வாயிலும் வரவில்லை. கடைசியில் செயலாளர் மைக்கைப் பிடித்து, நூலின் சிறப்புக்கு ஒரு சான்று சொல்கிறேன் என்று தொண்டையைச் செருமினார்.

"சாலைத் தாண்டிப் போன ராசா… காலைச் சிற்றுண்டி அருந்த வரலியே…"

மண்டபம் கைதட்டியது. என் பக்கத்தில் இருந்த ஃபாதர் என் தோளைப் பார்த்தார், அதாவது என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொன்னான் அவன்?"

நான் மடியிலிருந்த புத்தகத்தைப் பிரித்தேன். அச்சகத்தில் இருந்தவளுக்குப் பிழை கண்ணில் தானாகக் குத்தும். 'ச' வரிசையில், சட்டிக்கும் சண்டைக்கும் நடுவில், 'சாலை' என்று ஒரு தலைச்சொல். அகரவரிசையாவது மண்ணாவது. அதற்குப் பொருள்: 'சாலை.' எடுத்துக்காட்டு: சற்றுமுன் அவர் ஓதிய அதே வரி. 'ப' வரிசைக்குத் திருப்பினேன். பச்சைக்கும் பஞ்சுக்கும் இடையில் 'காலைச் சிற்றுண்டி அருந்து'. பொருள்: 'காலைச் சிற்றுண்டி அருந்துதல்.' 'க' வரிசையில் காட்டுக்குப் பக்கத்தில் 'மகிழுந்து'. பொருள்: 'மகிழுந்து.' புத்தகம் முழுக்க இப்படித்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் அதே சொல்தான் அர்த்தம்.

எனக்குப் புரிந்துவிட்டது. கணினியில் ஒரு சொல்லைக் கொடுத்து, எங்கெல்லாம் அது வருகிறதோ அங்கெல்லாம் வேறு சொல்லைப் போடு என்று கட்டளை கொடுக்கலாம். நானே பலமுறை செய்திருக்கிறேன், கல்யாணம் தள்ளிப்போனால் தேதி மாற்ற. இவர்கள் இந்த ஊர்ச் சொற்களையெல்லாம் வரிசையாகக் கொடுத்து நல்ல தமிழாக்கியிருக்கிறார்கள். அகராதியில், சொல்லுக்குப் பொருள் சொல்கிற இடத்தில். கணினிக்கு என்ன தெரியும்? காடி என்று கண்ட இடத்திலெல்லாம் மகிழுந்தைப் போட்டிருக்கிறது. அங்காடியில்கூட ஒரு காடி இருக்கிறது அல்லவா? அங்காடிக் கடை, 'அங்மகிழுந்துக் கடை' ஆகிவிட்டது. யாரும் ஒரு பக்கம்கூட வாசித்துப் பார்க்கவில்லை. பின்னிணைப்பைப் பார்த்தேன். பாட்டையும் விட்டுவைக்கவில்லை.

ஃபாதர் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அந்தம்மா எங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான் எழுந்து மேடையோரம் போனேன். செயலாளரைப் பிடித்தேன். அவர் பெருமையாகச் சிரித்தார். "ஒரே கிளிக் அக்கா! ஒரு மத்தியானத்துல மொத்தமும் சுத்தமாயிருச்சு."

சுத்தமாம். இந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டதிலிருந்து எனக்குத் துடைப்பத்தைப் பார்த்தாலும் பிடிக்கவில்லை.

தலைவர் பொன்னாடையை மடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். "என்னம்மா பிரச்சனை?"

"அகராதில வார்த்தையே இல்லீங்களே. எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கீங்க."

"ஃபாதர் சேத்தது குப்பைம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க அதுல இருந்து முத்து எடுத்திருக்கோம். நாளைக்குத் தமிழ்நாட்டுல இருந்து ஆளுங்க படிப்பாங்க. சடக்கு, காடின்னு இருந்தா நம்ம மானம் என்னாகுறது?"

"சாலைக்குப் பொருள் சாலைன்னு போட்டிருக்கு."

அவர் புத்தகத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். "சரிதானே?" என்றார். "சாலைன்னா சாலைதானே? இதுல என்ன தப்பு?"

அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் நடிக்கவில்லை. தப்பு தெரிந்து செய்தவன் மேல் கோபப்படலாம். இந்த ஆள் மேல் குமட்டல்தான் வந்தது. அந்த நேரம் பார்த்துச் செயலாளருக்கு வெளியிலிருந்து ஏதோ துண்டுச் சீட்டு வந்தது. அவர் மைக்குக்கு ஓடினார்.

"ஒரு சின்ன அறிவிப்பு. வெளிய சடக்கோரமா நிக்கிற வெள்ளக் காடி யாருது? கொஞ்சம் எடுத்துருங்க லா, சம்மன் வெச்சிருவாங்க. அப்புறம், நிகழ்ச்சி முடிஞ்சதும் எல்லாரும் பசியாறிட்டுத்தான் போகணும்னு தலைவர் கேட்டுக்கிறாரு."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒருவருக்கும் உறைக்கவில்லை. வெள்ளைக் காடிக்காரர் எழுந்து சடக்குக்கு ஓடினார்.

பிறகு தொகுப்பாசிரியர் உரை என்று ஃபாதரை அழைத்தார்கள். கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றிவிட்டேன். அவர் என்னை அனுப்பவில்லை. "இங்கயே நில்லு" என்றார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. தலைவரையும் விளிக்கவில்லை. மைக்கில் மெதுவாக, அந்த அப்பாவிக் குரலில், பாசாரில் மீன்காரரிடம் பேசுகிற குரலில், சொன்னார்.

"சாலைத் தாண்டிப் போன ராசா…"

வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்தத்துக்குக் காத்திருக்கிறார். மண்டபம் நிறையத் தமிழாசிரியர்கள், எழுத்தாளர்கள், பேச்சாளர்கள். எல்லோரும் இந்த ஊரில் பிறந்தவர்கள். எல்லோரும் சடக்கில் விளையாடி வளர்ந்தவர்கள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், சொல்லிவிட மாட்டாரா என்று நானும் காத்திருந்தேன். ஏசி சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், எரிச்சலோடு வந்தது. "சடக்கு, ஃபாதர்."

ஃபாதர் முகம் மலர்ந்தது. "சடக்குத் தாண்டிப் போன ராசா… காலைச் சிற்றுண்டி அருந்த…"

"பசியாற!" அக்கா எழுந்து நின்றுவிட்டார். "பசியாற வரலியே!"

"பசியாற வரலியே" என்று ஃபாதர் திருப்பிச் சொன்னார். அதோடு மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார்.

நான் நினைத்தேன், இப்போதாவது இவர்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று. எங்கே! கைதட்டல் அதிர்ந்தது. இதை நிகழ்ச்சியின் ஓர் அங்கம் என்றே நினைத்துக்கொண்டார்கள். பலர் போனில் படம் பிடித்தார்கள். தலைவர் சுதாரித்துக்கொண்டு, "நமது பாரம்பரியக் கலைஞர்" என்று அக்காவை மேடைக்கு அழைத்து, அதே பொன்னாடைகளில் ஒன்றைப் போர்த்தினார். "அம்மாவின் கொச்சையிலும் ஓர் அழகு இருக்கிறது" என்று மைக்கில் 'ழ'வை உருட்டினார். நான் மண்டபத்துக் கழிவறைக்குப் போய் நிஜமாகவே வாந்தி எடுத்தேன். காலையில் பசியாறியதெல்லாம் போயிற்று.

பசியாற நாங்கள் நிற்கவில்லை. டாக்சி பிடித்து ஃபெரி ஏறுகிற துறைக்கு வந்தோம். ஃபெரிக்கு நேரமிருந்தது. பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நடுவில் ஃபாதர். அவர் சந்தோஷமாக இருந்தார், அதை மறைக்கவும் இல்லை. "கேட்டியா தங்கச்சி? அத்தன பேரு முன்னால சொன்னாங்க பாரு! புத்தகம் போனா போகுது. ரெக்கார்ட் ஆயிருச்சு." எனக்கும் அந்தச் சந்தோஷம் தொற்றிக்கொண்டது. புத்தகத்தைக் கொளுத்தினாலும் அந்தக் குரல் அழியாது, அது இதுவென்று நானும் ஏதோ பேசினேன்.

அக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தார்.

"ஃபாதர், தெரிஞ்சேதான் தப்பாச் சொன்னீங்களா?"

"ஆமாம்மா." அவர் சிரித்தார். "அது என் பழக்கம். அவங்க வாயில இருந்து வரவெக்கலாம்னு பாத்தேன்."

"அவங்க வாயில இருந்து வரலியே. என் வாயில இருந்துதானே வந்துச்சு."

ஃபாதர் சிரிப்பை நிறுத்தினார்.

"புத்தகத்துல மாத்துனவங்க யாரோ, எனக்குத் தெரியாது" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அவங்க எனக்கு ஒண்ணும் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க, ஒரு எழுத்து மாறாதுன்னு. இன்னிக்கு நீங்களே மாத்திச் சொன்னீங்களே. எம் புள்ள பாட்ட வெச்சு."

நான் குறுக்கே புகுந்து, "அக்கா, ஃபாதர் உங்களுக்காகத்தான்…" என்று ஆரம்பித்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஃபெரிக்குக் கதவு திறந்தார்கள். அக்கா எழுந்து, பொன்னாடையை ஃபாதர் மடியில் வைத்தார். "இது எனக்கு வேணாம். நீங்க போட்டுக்குங்க. ஏசில குளிரும்." கூட்டத்தோடு சேர்ந்து நடந்து போனார். ஃபாதர் அந்தத் திசையைப் பார்க்கத் தலையைத் திருப்பினார், ஆனால் நேராகப் பார்த்தார். நேராகப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

குழு மேல் எனக்கு இருக்கிற அருவருப்பு துளியும் குறையவில்லை. அந்த விழா வீடியோ இன்னும் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டுதான் இருக்கிறது, 'தமிழன்டா' என்று தலைப்புப் போட்டு. பார்க்காமலே அழித்துவிடுகிறேன். பழைய கோப்பு என்னிடம் இருக்கிறது. வேறு இடத்தில் அச்சுக்குக் கொடுக்கலாம் ஃபாதர் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். அந்தம்மா வந்து சரி என்று சொன்னால் பார்க்கலாம் என்கிறார். அந்தம்மா வரவில்லை. அவர் போய்க் கேட்கவும் இல்லை.

போன வாரம் அவரைப் பாசாருக்குக் கூட்டிப் போனேன். மீன்காரர் தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டார். விழா வீடியோவை அவரும் பார்த்திருப்பார் போல, நல்ல உற்சாகத்தில் இருந்தார். ஃபாதரின் தந்திரம் அவருக்கு எப்போதோ பிடிபட்டிருக்க வேண்டும்.

"என்ன ஃபாதர்," என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டார், "நேத்து ராத்திரி நல்லா பசியாறினீங்களா?"

ஃபாதர் சிரிக்கவில்லை. மீன்காரரின் தோளைப் பார்த்தபடி, "தப்பு தம்பி" என்றார். "அப்படிச் சொல்லக் கூடாது."

மீன்காரர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.